குவெரி எரர் இல்லாம ஓடுது, ஆனா நம்பர் தப்பு: அறிகுறியைப் பாத்து அட்ஹாக் ரிப்போர்ட்டைச் சரி பண்ணுறது

நாமளே தேவைப்படும்போது ஃபீல்டை இழுத்துப் போட்டு எடுக்க அட்ஹாக் ரிப்போர்ட்ல டோட்டல் ஒத்துவரலைன்னு தெரிஞ்ச உடனே நிறைய பேரு குவெரியை (டேட்டாகிட்ட கேக்க கேள்வியை) அப்படியே டெலீட் பண்ணிட்டு முதல்ல இருந்து ஃபீல்டை இழுத்துப் போட ஆரம்பிச்சுருதாங்க. தயவுசெஞ்சு அதைச் செய்யாதீங்க. அந்தத் தப்பு நம்பர்தான் உங்க கையில இருக்க தடயம், எவ்வளவு கூடுது, எவ்வளவு குறையுது, எந்த ப்ராஞ்ச்ல, எந்த நாள்ல, யாரு பாத்தா மட்டும்னு கவனிச்சாலே காரணம் பாதி வெளிய வந்துரும். அழிச்சுட்டா மறுபடி அதே ஃபீல்டு அதே ஜாயின் (ரெண்டு டேபிளைச் சேக்கது) போட்டு அதே இடத்துலதான் போய் நிப்பீங்க.

நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துல நாகர்கோவில், மார்த்தாண்டம், தக்கலைன்னு ப்ராஞ்ச் வச்சிருக்க கடை, முந்திரி ஆலை, குலசேகரம் பக்கம் ரப்பர் பால் எடுக்க கம்பெனின்னு நிறைய இடத்துல பில்லிங்கும் ஸ்டாக்கும் ஈஆர்பிங்க ஒரே சாஃப்ட்வேருக்குப் போயாச்சு, அது மேல பவர் பிஐ, டேப்லோ, மெட்டாபேஸ், பிசினஸ் ஆப்ஜெக்ட்ஸ்னு ஏதாவது ஒரு ரிப்போர்ட் டூலும் வந்தாச்சு. ஐடி ஆளு வரட்டும்னு காத்திருக்காம அக்கவுண்ட்ஸ்ல இருக்கவங்களே மவுஸால ஃபீல்டை இழுத்துப் போட்டு டேட்டாகிட்ட நேரா கேள்வி கேக்கது நல்ல காரியம், நான் முழு மனசா ஆதரிக்கேன். ஒண்ணே ஒண்ணு மட்டும் ஞாபகத்துல வச்சுக்கிடணும், நீங்க ஒரு ஃபீல்டை இழுத்த உடனே டூல் பின்னால ஒரு எஸ்கியூஎல் (டேட்டாபேஸுக்குப் புரியுற மொழியில ஒரு கேள்வி) எழுதுது, அந்த எஸ்கியூஎல் நீங்க மனசுல நினைச்ச கேள்வியைத்தான் கேக்குதாங்கது டூலுக்குத் தெரியாது.

எந்த அறிகுறியா இருந்தாலும் முதல் வேலை ஒண்ணுதான். ஒரு ப்ராஞ்ச், ஒரே ஒரு நாள், அந்த நாளுக்கு நீங்க நம்புற ஒரு நம்பர், பில்லிங்ல ராத்திரி எடுத்த டே க்ளோசிங் இருந்தா அதுவே போதும். வருச டோட்டலை வச்சுக்கிட்டு பிழை தேடுனா தேடிக்கிட்டே இருக்க வேண்டியதுதான். ஒரு நாளுக்குச் சுருக்கி, அதுல ஒத்துவராத ஒரு பில்லைப் பிடிச்சு, அந்த பில் ரிப்போர்ட்ல எத்தனை ரோவா நிக்கின்னு பாருங்க.

டோட்டல் கூடுதலா வருது, ஆனா சரியா ரெண்டு மடங்கும் இல்ல

இதுதான் ரொம்ப ஏமாத்துற அறிகுறி, அதுவும் கேரள பார்டர்ல இருக்க நம்ம ஊருல இன்னும் கூடுதலா ஏமாத்தும். மார்த்தாண்டத்துல ஒரு மொத்த வியாபாரக் கடைன்னு வச்சுக்கிடுங்க. ஒரு நாள் உண்மையான விற்பனை 4,00,000. அதுல 3,00,000 நம்ம தமிழ்நாட்டு கடைகளுக்குப் போன பில், 1,00,000 களியக்காவிளை தாண்டி பாறசாலை கடைகளுக்கு அனுப்புன பில். ரிப்போர்ட்ல வருது 7,00,000. டபுள்னா 8,00,000 வரணும், அது வரல, அதனால யாருக்கும் ஜாயின் மேல சந்தேகமே வராது, எங்கேயோ எக்ஸ்ட்ரா பில் ஏறியிருக்குன்னு ஸ்டோர் பையனைத் திட்ட ஆரம்பிச்சுருவாங்க.

நடந்தது என்னன்னா, பில் டேபிளோட கூட டேக்ஸ் டேபிளையும் இழுத்துப் போட்டிருக்காங்க. மாநிலத்துக்குள்ள நடந்த விற்பனைக்கு சிஜிஎஸ்டி ஒரு ரோ, எஸ்ஜிஎஸ்டி ஒரு ரோ, ஆக ஒரு பில்லுக்கு ரெண்டு ரோ. கேரளாவுக்குப் போன பில்லுக்கு ஐஜிஎஸ்டி மட்டும், ஒரே ரோ. ஜாயின் பண்ணுன உடனே தமிழ்நாட்டு பில்லோட தொகை ரெண்டு தடவை வந்து நிக்கி, கேரள பில் ஒரு தடவை. மூணு லட்சம் ஆறாச்சு, ஒண்ணு ஒண்ணாவே இருக்கு, மொத்தம் ஏழு. இதுல இன்னொரு அடையாளமும் உண்டு, வரித் தொகை டோட்டல் மட்டும் கரெக்டா இருக்கும். பில் தொகை தப்பு, வரி சரி, கேரளா கஸ்டமர் சரி, இந்த மூணும் சேந்து வந்தா வேற எங்கயும் தேட வேண்டாம்.

இதுக்குப் பேரு ஃபேன் ட்ராப். டேக்ஸ் டேபிள்ல மட்டும் இல்ல, ஒரு பில்லுக்குப் பாதி ரொக்கம் பாதி யூபிஐன்னு பணம் வாங்குனா பேமெண்ட் டேபிள்லயும் இதே கதைதான், பில் தலைப்புல இருக்க மொத்தத் தொகையை ஐட்டம் லைனோட சேத்து இழுத்தா இன்னும் மோசம், பத்து ஐட்டம் இருந்தா பத்து தடவை கூட்டிரும். சோதிக்க ஒரு சின்ன வழி இருக்கு, ரிப்போர்ட்ல ரோ எண்ணிக்கையும் பில் நம்பரோட டிஸ்டிங்க்ட் எண்ணிக்கையும் (ஒரே நம்பரை ஒரு தடவை மட்டும் எண்ணுறது) பக்கத்துல பக்கத்துல போடுங்க, ரெண்டும் வேற வேறயா வந்தா தொகை எங்கேயோ பெருகுது.

இதைச் சரி பண்ண சிலர் தொகை மேல டிஸ்டிங்க்ட் போட்டு கூட்டுவாங்க. அதை நான் கையெடுத்துக் கும்பிட்டு வேண்டாம்னு சொல்லுவேன். ஒரே நாள்ல 500 ரூபாய்க்கு மூணு வேற வேற பில் போட்டிருந்தா டிஸ்டிங்க்ட் அதை ஒண்ணா எடுத்துக்கிடும், உண்மையான விற்பனை 1,000 ரூபா காணாம போயிரும், அதுவும் அமைதியா. சரியான வழி, வரியை முதல்ல பில் நம்பர் வாரியா கூட்டி ஒரு பில்லுக்கு ஒரு ரோவா ஆக்கிட்டு அப்புறம் பில்லோட சேக்கணும், இல்லேன்னா ரெண்டு தனி குவெரி போட்டு பில் நம்பர்ல இணைக்கணும். பிசினஸ் ஆப்ஜெக்ட்ஸ்ல மெர்ஜ் டைமென்ஷன்னு அதுக்கு வசதியே இருக்கு. அந்த டூல்ல சில ஃபீல்டைச் சேத்து இழுத்தா இன்கம்பேட்டபிள், ஒண்ணோட ஒண்ணு சேராதுன்னு சொல்லித் தடுக்கும், எரிச்சலா இருக்கும், ஆனா யுனிவர்ஸை (எந்த டேபிள் எதோட சேரும்னு சொல்லுற அடுக்கை) கட்டுனவங்க இந்த மாதிரி பெருக்கல் நடக்கக்கூடாதுன்னுதான் நிறைய நேரம் அந்த வேலியைப் போட்டு வச்சிருப்பாங்க. ஏன் தடுக்குதுன்னு அவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு அப்புறமா சுத்தி வழி தேடுங்க.

விடியக்காலத்து யாவாரம் முந்தின நாள்ல போய் விழுது

தோவாளை பூச்சந்தையில விடியுமுன்னமே யாவாரம் ஓடிரும், கடப்புறத்துலயும் வள்ளம் கரை ஏறுன உடனே ஏலம் விட்டுருவாங்க. அங்க காலைல நாலு மணிக்குப் போட்ட என்ட்ரியை சர்வர் யூடிசிங்க உலகப் பொது நேரத்துல சேமிச்சா அது முந்தின நாள் ராத்திரி பத்தரை மணி. நம்ம நேரம் யூடிசியை விட அஞ்சரை மணி நேரம் முன்னால, அதனால காலைல 5.30க்கு முன்னால நடந்த ஒவ்வொரு விற்பனையும் ஒரு நாள் பின்னால போகும். பகல்ல மட்டும் திறக்க கடைக்கு இது தெரியவே தெரியாது, பூ, மீன், பால் யாவாரக்காரங்கதான் மாட்டுவாங்க. மாச டோட்டல்ல வித்தியாசம் கொஞ்சமா இருக்கதனால யாரும் கண்டுக்கிடவும் மாட்டாங்க, ஆனா ஏப்ரல் 1 விடியக்காலத்து பில் மார்ச் 31ல விழுந்தா அது போன நிதியாண்டுக் கணக்குல போய் உக்காந்துக்கிடும், ஓணத்துக்கு முந்தின நாள் பூ எவ்வளவு போச்சுன்னு போன வருசத்தோட ஒப்பிட்டுப் பாத்தா ரெண்டு பக்கமும் தப்பு.

கண்டுபிடிக்க, விற்பனையை மணி வாரியா க்ரூப் பண்ணிப் பாருங்க. எல்லாரும் படுத்து உறங்குற நேரத்துல கூட்டம் அலைமோதுற மாதிரி சார்ட் காட்டுனா அதுதான். சரி பண்ண, நேரத்தோட 5 மணி 30 நிமிசத்தைக் கூட்டிட்டு அப்புறமா தேதியைப் பிரிக்கணும், தேதியைப் பிரிச்ச பிறகு கூட்டுனா ஒரு பிரயோஜனமும் இல்ல. ஒரு எச்சரிக்கை, ஒரே டேட்டாபேஸ்ல ஒரு டேபிள் யூடிசியிலயும் இன்னொண்ணு நம்ம நேரத்துலயும் இருக்கது சாதாரணம், எல்லாத்துக்கும் கண்ணை மூடிட்டு கூட்டிராதீங்க. பவர் பிஐயில டுடே ஃபங்ஷன் போட்டிருந்தா உங்க லேப்டாப்ல சரியா இருக்கும், பப்ளிஷ் பண்ணுன பிறகு பவர் பிஐயோட ஆன்லைன் சர்வீஸ் யூடிசியில ஓடும், அதனால காலைல அஞ்சு மணிக்கு ரிஃப்ரெஷ் ஆனா அதுக்கு இன்னைக்குங்கது நேத்து.

மாசத்தோட கடைசி நாள் மட்டும் காணோம்னா வேற காரணம். 1ல இருந்து 30 வரைன்னு ஃபில்டர் போடுறீங்க, ஃபீல்டுல தேதியோட நேரமும் இருக்கு, அப்போ 30ங்கது 30ஆம் தேதி நள்ளிரவு 12 மணின்னு அர்த்தமாயிரும், அந்த நாள் முழுக்க வெளிய நிக்கும். 1ஆம் தேதிக்குச் சமம் அல்லது மேல, அடுத்த மாசம் 1ஆம் தேதிக்குக் கீழன்னு போடுங்க, எந்த மாசத்துக்கும் ஒத்துவரும், பிப்ரவரிக்கும் தலையைச் சொறிய வேண்டாம்.

இன்னும் வராத மாசத்துக்கு விற்பனை காட்டுதா? நாளும் மாசமும் இடம் மாறியிருக்கு, ஜூன் 10ங்க 10/6 அக்டோபர் 6 ஆகிருச்சு. 13ஆம் தேதியில இருந்து மாத்த முடியாதுல்லா, அதனால 12 வரைக்கும் உள்ளது தாறுமாறா சிதறி, மிச்சம் காலியாவோ வெறும் எழுத்தாவோ நிக்கும். இம்போர்ட் பண்ணும்போதே லோகேலை (மொழி, நாடு செட்டிங்கை) இங்கிலீஷ் இந்தியான்னு வைங்க.

லிஸ்ட் காலியா வருது, இல்லன்னா சில ரோ சத்தமில்லாம மறையுது

இந்த மாசம் ஒண்ணும் வாங்காத கஸ்டமர் யாருன்னு கேக்கீங்க, ஒருத்தரும் இல்லைன்னு வருது. எல்லாரும் வந்து வாங்கிட்டாங்கன்னு சந்தோசப்படாதீங்க. கவுண்டர்ல ரொக்கத்துக்கு வாங்கிட்டுப் போனவங்களுக்கு கஸ்டமர் நம்பர் போடாம பில் போடுவாங்க, அந்த இடம் நல், அதாவது காலி. வாங்குனவங்க லிஸ்ட்ல ஒரே ஒரு நல் இருந்தாலும் போதும், நாட் இன் (இந்த லிஸ்ட்ல இல்லாதவங்க) போட்ட குவெரி ஒரு ரோ கூடத் திருப்பித் தராது. நல்லுங்கது தெரியாத மதிப்பு, இந்தக் கஸ்டமர் அந்தத் தெரியாத ஆளாவும் இருக்கலாம்லா, அதனால இவரு வாங்கலைன்னு டேட்டாபேஸால உறுதியாச் சொல்ல முடியாது, எல்லாரையும் விட்டுருது. உள்ள இருக்க லிஸ்ட்ல கஸ்டமர் நம்பர் நல் இல்லாததுன்னு ஒரு ஃபில்டர் சேருங்க, இல்லன்னா நாட் எக்ஸிஸ்ட்ஸ் (அவரு பேருல பில்லே இல்லையான்னு பாக்கது) போடுங்க.

இதோட தம்பி மாதிரி இன்னொண்ணு இருக்கு. கேன்சல் ஆன பில் வேண்டாம்னு ஸ்டேட்டஸ் கேன்சலுக்குச் சமம் இல்லன்னு ஃபில்டர் போடுவோம். ஸ்டேட்டஸே நிரப்பாத பில்லும் கூடவே போயிரும், அதே நல் காரணம்தான். டோட்டல் கொஞ்சம் குறையுது, குறையுற பில் எல்லாம் ஒரே ப்ராஞ்ச் இல்லன்னா ஒரே பழைய காலத்து டேட்டான்னா இதை முதல்ல பாருங்க.

விற்பனையே நடக்காத கடையும் லிஸ்ட்ல வரணும், ஆனா வரலைன்னா, லெஃப்ட் ஜாயின் (விற்பனை இல்லாத கடையையும் விடாம வைக்க ஜாயின்) போட்டதோட விற்பனைத் தேதிக்கு ஃபில்டரும் போட்டிருப்பீங்க, அந்த ஃபில்டர் லெஃப்ட் ஜாயினோட பலனை எடுத்துரும். தேதி நிபந்தனையை ஜாயினுக்குள்ள கொண்டு போகணும். பவர் பிஐல ஷோ ஐட்டம்ஸ் வித் நோ டேட்டான்னு ஒரு ஆப்ஷனும் இருக்கு, அதையும் பாத்துக்கிடுங்க.

சராசரி பாக்க நியாயமா இருக்கு, ஆனா கையில போடுற கணக்கோட ஒத்துவரல

இதுல நான் கொஞ்சம் அழுத்திச் சொல்லுவேன், ஏன்னா இதுல தோட்டக்காரங்க பணம் இருக்கு. ரப்பர் பாலுக்கு விலை போடுறது எடைக்கு மட்டும் இல்ல, அதுல காய்ஞ்ச ரப்பர் எவ்வளவுங்க டிஆர்சி சதவீதத்துக்குத்தான். ஒரு நாள் 1,000 கிலோ பால் 30 சதவீதத்துல வந்துது, இன்னொருத்தர் 100 கிலோ 40 சதவீதத்துல கொண்டு வந்தாரு. டூல்ல டிஆர்சி ஃபீல்டை இழுத்து ஆவரேஜ் போட்டா 35ன்னு காட்டும். உண்மையில 300 கிலோவும் 40 கிலோவும் சேந்து 340 கிலோ ரப்பர், 1,100 கிலோ பால்ல, ஆக 30.9 சதவீதம். 35ஐ நம்பி எவ்வளவு ஷீட் கிடைக்கும்னு திட்டம் போட்டா 1,100 கிலோவுக்கு 385 கிலோன்னு வரும், 45 கிலோ எங்க போச்சுன்னு அப்புறம் ஆலையில இருக்கவங்களைத்தான் சந்தேகப்படுவாங்க, ஒரு தப்பும் செய்யாத ஆளு பதில் சொல்லிக்கிட்டு நிக்கணும்.

சதவீதம், கிலோ விலை, மார்ஜின், எதுவா இருந்தாலும் மேல உள்ளதைத் தனியா கூட்டி, கீழ உள்ளதைத் தனியா கூட்டி, கடைசியா வகுக்கணும். அதை ஒவ்வொருத்தரும் ரிப்போர்ட்ல எழுதக் கூடாது, டூலோட மாடல்லயே மெஷரா (எல்லாரும் எடுத்துக்கிட ஒரு கணக்கு விதியா) எழுதி வச்சுட்டு, வெறும் சதவீத ஃபீல்டை யூசர் கண்ணுல படாம மறைச்சுருங்க. கண்ணுக்குத் தெரிஞ்சா யாராவது இழுத்து ஆவரேஜ் போடத்தான் செய்வாங்க, அது அவங்க தப்பு இல்ல.

இதே இடத்துல இன்னொரு கேள்வியும் அடிக்கடி வரும், மூணு ப்ராஞ்ச் கஸ்டமர் எண்ணிக்கையைக் கூட்டுனா கீழ காட்டுற டோட்டலை விடக் கூடுதலா வருதேன்னு. அது சரியாத்தான் இருக்கு, ஒரே ஆளு தக்கலையிலயும் நாகர்கோவில்லயும் வாங்கியிருப்பாரு, மொத்தத்துல அவரு ஒரு ஆள்தான்.

ஒரே ஊரு நாலு பேருல நிக்கி

நாகர்கோவில், குளச்சல், தக்கலை, இந்த மூணு பேரையும் இங்கிலீஷ்ல எத்தனை விதமா எழுதுவாங்கன்னு உங்களுக்கே தெரியும், பின்னால ஒரு ஸ்பேஸ் விட்டு டைப் பண்ணுனதும் இருக்கும். ரிப்போர்ட்ல பேரை மாத்தி மாத்தி க்ரூப் பண்ணிக்கிட்டு இருக்காதீங்க, ஊருக்கு ஒரு கோடு கொடுத்து ஒரு மேப்பிங் டேபிள் வைங்க, அவசரத்துக்குப் பின்கோடு வச்சு க்ரூப் பண்ணலாம்.

தமிழ்ல எழுதுன ஐட்டம் பேரு கெட்டு வந்தா எப்படிக் கெட்டுருக்குன்னு பாக்கணும். எல்லாம் கேள்விக்குறியா இருந்தா அநேகமா டேட்டாபேஸ்ல சேக்கும்போதே எழுத்து போயிருச்சு, ஃபீல்டு யூனிகோட் (எல்லா மொழி எழுத்தையும் சேமிக்க முறை) இல்ல, ரிப்போர்ட்ல எவ்வளவு முட்டுனாலும் திரும்பாது, ஃபீல்டை மாத்திட்டு மறுபடி ஏத்தணும். மேல கொம்பும் கோடும் வச்ச ஐரோப்பிய எழுத்தா வந்தா டேட்டா பத்திரமா இருக்கு, சிஎஸ்வியை (கமா போட்டுப் பிரிச்ச ஃபைலை) எக்செல்ல ரெண்டு க்ளிக் பண்ணித் திறக்காம டேட்டா மெனுவுல போயி யூடிஎஃப் 8ன்னு சொல்லி இம்போர்ட் பண்ணுங்க. அர்த்தமில்லாத இங்கிலீஷ் எழுத்தா நின்னா பாமினி மாதிரி பழைய ஃபாண்ட்ல டைப் பண்ணது, கன்வெர்ட் பண்ணனும்.

ரெண்டு பேரு ஒரே ரிப்போர்ட்டைத் திறந்தா ரெண்டு நம்பர்

"அண்ணே, முதலாளி போன்ல ஒண்ணு காட்டுது, என் சிஸ்டத்துல வேற காட்டுது"ன்னு போன் வந்தா நான் கேக்க முதல் கேள்வி, ரெண்டு பேரு ஸ்க்ரீன்லயும் கடைசி ரிஃப்ரெஷ் நேரம் என்ன. அது ஒண்ணா இருந்தா அடுத்து ரோ லெவல் செக்யூரிட்டி, மார்த்தாண்டம் மேனேஜருக்கு மார்த்தாண்டம் மட்டும் தெரியும்படி வச்சிருப்பாங்க. அதுவும் இல்லன்னா யாரோ ஒருத்தர் போட்ட ஃபில்டர் அவங்க பேருல சேவ் ஆகி நிக்கி, ரீசெட் பண்ணச் சொல்லுங்க.

ரிஃப்ரெஷே ஆகலைன்னா பவர் பிஐல பெரும்பாலும் கேட்வேதான், ஆபீஸ் டேட்டாவை ஆன்லைன் சர்வீஸுக்கு அனுப்புற சாஃப்ட்வேர் அது. ஆபீஸ் கம்ப்யூட்டர்ல கேட்வே போட்டு வச்சிருப்பாங்க, ராத்திரி கடை பூட்டும்போது மெயின் ஸ்விட்ச்சை அணைச்சுட்டுப் போவாங்க, மழைக்காலத்துல கரண்டும் போகும், விடியக்காலம் ரிஃப்ரெஷ் வந்து பாத்தா ஆளில்லை. தொடர்ந்து நாலு தடவை ஃபெயில் ஆனா ஷெட்யூலையே அது நிறுத்திரும், அப்புறம் கம்ப்யூட்டர் ஓடுனாலும் ரிஃப்ரெஷ் தானா ஓடாது, உள்ள போயி மறுபடி ஆன் பண்ணணும். ப்ரோ லைசன்ஸ்ல ஒரு நாளைக்கு 8 ரிஃப்ரெஷ்தான் ஷெட்யூல் பண்ண முடியும், அதைக் கடை நேரத்துக்குப் பிரிச்சு வைங்க.

குவெரி ஓடும்போது பில்லிங் நிக்கி

இதை அலட்சியம் பண்ணாதீங்க, கவுண்டர்ல ஆளு காத்து நிக்காங்க. லைவ் பில்லிங் டேட்டாபேஸ் மேலயே நேரா அட்ஹாக் குவெரி ஓடுனா, எஸ்கியூஎல் சர்வர் மாதிரி இடத்துல டிஃபால்ட் செட்டிங்ல படிக்கவங்க போடுற லாக் (பூட்டு) எழுதுறவங்களை நிப்பாட்டும். நோலாக் (பூட்டைப் பாக்காம படிக்கது) போட்டா சரியாயிரும்னு சொல்லுவாங்க, அது இன்னும் உறுதியாகாத பில்லையும் படிக்கும், சில ரோவை ரெண்டு தடவையும் படிக்கலாம், கணக்குக்கு அது ஆகாது. ஸ்னாப்ஷாட் ஐசொலேஷனை (படிக்கவங்களுக்கு உறுதியான முந்தைய நிலையைக் காட்டுற செட்டிங்கை) ஆன் பண்ணச் சொல்லுங்க, அதை விட நல்லது ரிப்போர்ட்டுக்குன்னு ஒரு தனி காப்பி.

குவெரி மட்டும் இழுத்துக்கிட்டே இருந்தா ஃபில்டரைப் பாருங்க. தேதியில இருந்து வருசத்தைப் பிரிச்சு 2024ன்னு ஒப்பிட்டா பெரும்பாலும் இன்டெக்ஸ் (வேகமாத் தேட உள்ள அட்டவணை) பயன்படாது, 2024 ஜனவரி 1ல இருந்து 2025 ஜனவரி 1க்குக் கீழன்னு போட்டா பயன்படும். பேருல இந்த எழுத்து இருக்கான்னு தேடுற கன்டெயின்ஸ் ஃபில்டருக்கும் இன்டெக்ஸ் பெரும்பாலும் பயன்படாது.

எக்செல்லுக்கு எடுத்தா டோட்டல் குறையுது

ரோ எண்ணிக்கையைப் பாருங்க, அதுவே பதில் சொல்லும். சரியா 65,536 இருந்தா பழைய எக்ஸ்எல்எஸ் ஃபைல், 10,48,576 இருந்தா புது எக்செல்லோட எல்லை. 30,000ல நின்னா பவர் பிஐ விஷுவல்ல இருந்து சிஎஸ்வியா எடுத்திருக்கீங்க, எக்செல்லா எடுத்தா 1,50,000 வரை வரும். மெட்டாபேஸ்ல திரையில தெரியுறது முதல் 2,000 ரோ, அதை காப்பி பண்ணிக் கூட்டாதீங்க. பிசினஸ் ஆப்ஜெக்ட்ஸ்ல பார்ஷியல் ரிசல்ட்ஸ்னு ஓரத்துல ஒரு சின்ன அடையாளம் வரும், ரோ லிமிட்ல வெட்டுப்பட்டதுன்னு அர்த்தம், அது இருக்கும்போது அந்த ரிப்போர்ட்டை யாருக்கும் அனுப்பக் கூடாது.

எண்ணிக்கை சரி, ஆனா 16 இலக்க பேங்க் அக்கவுண்ட் நம்பரோட கடைசி இலக்கம் 0 ஆயிருச்சுன்னா, எக்செல் 15 இலக்கம்தான் வச்சுக்கிடும். ஐட்டம் கோடோட முன்னால இருக்க பூஜ்யமும் இப்படித்தான் போகும். இம்போர்ட் பண்ணும்போது அந்த ஃபீல்டை டெக்ஸ்ட்னு வைங்க, திறந்து சேவ் பண்ணுன பிறகு டெக்ஸ்டா மாத்துனா போன இலக்கம் திரும்ப வராது, டூல்ல இருந்து மறுபடி எடுக்கத்தான் வேணும்.